ஒரே காயிலிருந்து ஆய்வகத்தில் வளர்ந்த ஆர்க்கிட் நாற்றுகளில் மரபு வேறுபாடு எவ்வளவு இருக்கும்?

பொள்ளாச்சிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருப்பது இது. தோப்பின் பழைய மாமரம் ஒன்றில் பற்றி வளரும் வாண்டா டெசலேட்டா என்னும் ஆர்க்கிட் செடியில் தானாகப் பிடித்த ஒரு காயை, வெடிப்பதற்கு முன்பே பறித்து ஓர் ஆய்வகத்தில் கொடுத்து விதைக்கச் செய்திருக்கிறார். இப்போது ஏறத்தாழ 400 நாற்றுகள் கைக்கு வந்திருக்கின்றன. ஆய்வகத்தில் வளர்ந்தவை என்பதால் இவை திசு வளர்ப்பு வாழை போல ஒரே அச்சாகத்தான் இருக்குமா என்பது அவருடைய முதல் கேள்வி. இவற்றை ஆனைமலை அடிவாரத்து மரங்களில் கட்டிவிட்டால் அங்கே குறைந்துபோன ஆர்க்கிட் வளம் மீண்டும் பெருகுமா என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு விடை: ஒரே அச்சாக இருக்காது, ஒவ்வொரு நாற்றும் மரபில் தனித்தனி. ஆனால் அந்த விடையோடு நின்றுவிட்டால் தவறான முடிவுக்குப் போய்விடுவோம். 400 நாற்றுகளும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்; அந்தக் குடும்பத்தின் தாய் ஒன்று, தந்தை பெரும்பாலும் ஒன்று, சில சமயம் தாயும் தந்தையும் அதே ஒரு செடி. நாற்றுகளின் எண்ணிக்கையை 400-லிருந்து 4,000 ஆக்கினாலும் இந்த நிலை மாறாது. கண்ணாடிக் குடுவை மரபு வேறுபாட்டை உண்டாக்குவதும் இல்லை, தானாக அழிப்பதும் இல்லை. எத்தனை செடிகளின் காய்கள் அதற்குள் போயின, போனவற்றில் எவை எவை வெளியே வந்தன என்ற இரண்டும்தான் கணக்கு.

வாழையோடு குழப்பிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜி-9 வாழைக் கன்று என்பது தேர்ந்தெடுத்த ஒரு தாய்க்கட்டையின் குருத்து நுனியிலிருந்து எடுத்த திசுவைப் பெருக்கியது. அங்கே பூவும் இல்லை, மகரந்தமும் இல்லை, விதையும் இல்லை. ஆர்க்கிட்டிலும் அந்த வழி உண்டு. பிரான்சில் ஜார்ஜ் மொரெல் 1960-இல் சிம்பிடியம் ஆர்க்கிட்டின் குருத்து நுனியை வளர்த்துப் பெருக்கிக் காட்டினார். இன்று கடைகளில் தொட்டியோடு விற்கும் ஃபலனாப்சிஸ் செடிகளில் பெரும்பகுதி அந்த வழியில் வந்த குளோன்கள்தான். விதையை ஆய்வகத்தில் வளர்ப்பது முற்றிலும் வேறு வேலை. ஆர்க்கிட் விதையில் முளைசூழ்தசை கிடையாது, அதாவது முளைக்கும் குழந்தைக்குத் தாய் கட்டிக்கொடுத்த சோறு இல்லை. காட்டில் ஒரு பூஞ்சை உள்ளே புகுந்து அந்தச் சோற்றைக் கொடுக்கிறது. இதை 1899-இல் நோயல் பெர்னார் கண்டறிந்தார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன், பூஞ்சை இல்லாமலே, சர்க்கரை சேர்த்த அகார் ஊடகத்தில் விதை முளைக்கும் என்று 1922-இல் வெளியிட்டார். ஆகவே ஆய்வகத்துக் குடுவை செய்வது பூஞ்சையின் வேலையை மட்டுமே. கருத்தரிப்பு முன்பே மரத்தில் முடிந்துவிட்டது. ஒவ்வொரு விதையும் ஒரு சூலும் ஒரு மகரந்த அணுவும் சேர்ந்து உண்டானது என்பதால் ஒவ்வொன்றிலும் மரபணுக்களின் சீட்டு புதிதாகக் கலைந்திருக்கிறது.

ஆர்க்கிட் வணிகத்தின் பெயரிடும் முறையே இதை ஒப்புக்கொள்கிறது. இரண்டு செடிகளைக் கலந்து பெற்ற நாற்றுகள் அனைத்துக்கும் சேர்த்து கிரெக்ஸ் என்ற ஒரு பொதுப்பெயரைத்தான் இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் பதிவு செய்கிறது. அந்த நாற்றுகளுள் குறிப்பாக ஒன்று சிறப்பாகப் பூத்து அதைக் குளோனாகப் பெருக்கினால், அதற்குத் தனிப்பெயர் ஒற்றை மேற்கோளுக்குள் சேர்கிறது. விதை நாற்றுகள் ஒன்றுபோல இருந்தால் இரண்டு அடுக்குப் பெயருக்கு அவசியமே வந்திருக்காது.

இனி, ஒரு காயில் எத்தனை தந்தையர் இருக்க முடியும் என்று பார்ப்போம். இந்த விஷயத்தில்தான் ஆர்க்கிட் மற்ற செடிகளிலிருந்து பிரிகிறது. முருங்கையிலோ கத்தரியிலோ மகரந்தம் தூளாக இருக்கிறது. பல பூக்களின் தூள் ஒரு வண்டின் மேலே கலந்து வந்து, ஒரே காய்க்குள் பல தந்தையரின் விதைகள் சேரலாம். வாண்டாவில் ஒரு பூவின் மகரந்தம் முழுவதும் இரண்டு கெட்டியான மஞ்சள் உருண்டைகளாக, ஒரு சிறு காம்பில் ஒட்டி, ஒரே பொட்டலமாக இருக்கும். வண்டு அதைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த பூவின் சூல்முடிக் குழியில் ஒட்டிவிட்டால், அந்த ஒரு பொட்டலத்திலுள்ள மகரந்தமே அந்தக் காயின் ஆயிரக்கணக்கான சூல்களுக்குப் போதும். ஒரு ஆர்க்கிட் காயில் இனத்தைப் பொறுத்துச் சில ஆயிரம் விதை முதல் பத்து இலட்சத்துக்கு மேலும் இருப்பதற்கும் இந்தப் பொட்டலத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. விளைவு என்னவென்றால், ஒரு காய் என்பது பெரும்பாலும் ஒரே தாய்க்கும் ஒரே தந்தைக்கும் பிறந்த முழு உடன்பிறப்புகளின் கூட்டம். ஹேபனேரியா போன்ற தரை ஆர்க்கிட்டுகளில் மகரந்தத் திரள் சிறு சிறு கட்டிகளாகப் பிரியக்கூடியது என்பதால் அங்கே ஒரு காய்க்குள் ஒன்றுக்கு மேற்பட்ட தந்தையர் சேரும் வாய்ப்பு அதிகம். வாண்டா, அகாம்பே, ரிங்கோஸ்டைலிஸ் போன்ற மரத்தில் வளரும் இனங்களில் அந்த வாய்ப்பு குறைவு.

காங்கேயம் மாடு வளர்ப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். சுற்று வட்டாரத்து மாடுகள் அனைத்துக்கும் ஒரே பொலிகாளையைச் சேர்த்தால், பிறக்கும் கன்றுகள் நிறத்திலும் கொம்பிலும் தமக்குள் வேறுபட்டாலும், அடுத்த தலைமுறையில் எந்தக் காளையை எந்தக் கிடாரிக்குச் சேர்த்தாலும் அண்ணன் தங்கை உறவாகவே முடியும். ஒரு காயின் ஆர்க்கிட் நாற்றுகள் இதைவிட நெருக்கம், ஏனென்றால் மாடுகளில் தாய்களாவது பல.

இதை எண்ணில் சொல்ல முடியும். ஒரு பெரிய இயற்கைக் கூட்டத்திலிருந்து தற்செயலாக எடுத்த, தமக்குள் உறவில்லாத செடிகளை மட்டும் வைத்து அடுத்த தலைமுறையை உருவாக்கினால், மூலக் கூட்டத்தின் மரபு வேறுபாட்டில் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: ஒன்றிலிருந்து, செடிகளின் எண்ணிக்கையின் இருமடங்கால் ஒன்றை வகுத்துக் கழிக்க வேண்டும். ஒரே செடி தன்னோடு தான் சேர்ந்திருந்தால் 50 சதவீதம். இரண்டு செடிகள் என்றால் 75. ஐந்து என்றால் 90. பத்து என்றால் 95. இருபத்தைந்து என்றால் 98. அன்பரின் 400 நாற்றுகள் இந்தப் பட்டியலில் முதல் இரண்டில் ஒன்றில்தான் வரும். பத்துச் செடிக்கே 95 சதவீதம் வந்துவிட்டதே, அது போதாதா என்று கேட்கலாம். அந்தச் சதவீதம் பரவலாக உள்ள மரபணு வடிவங்களைப் பற்றியது. அரிதானவை இன்னும் எளிதில் தவறிவிடும். கூட்டத்தில் 5 சதவீத அளவில் மட்டும் இருக்கும் ஓர் அல்லீல், அதாவது ஒரு மரபணு வடிவம், நம் சேகரிப்பில் ஒரு முறையாவது சிக்குவதற்கு 95 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால், ஏறத்தாழ 30 செடிகளின் மரபணுக்கள் உள்ளே வந்தாக வேண்டும். வறட்சியையோ நோயையோ தாங்கும் திறன் இத்தகைய அரிய அல்லீலில் ஒளிந்திருக்கவும் கூடும் என்பதால், பாதுகாப்பு நோக்கத்தோடு விதை எடுப்பவர்கள் 30 முதல் 50 தாய்ச்செடி வரை தேடுகிறார்கள்.

அன்பரின் காய்க்குத் தந்தை யார் என்பது தெரியாது. மரத்தில் பத்துப் பதினைந்து தண்டுகள் தெரிந்தாலும், அவை பக்கக் கிளைத்துப் பிரிந்த ஒரே செடியாக இருக்கக்கூடும். அப்படியானால் ஒரு தண்டின் பூவிலிருந்து பக்கத்துத் தண்டின் பூவுக்கு வண்டு மகரந்தம் கொண்டுபோனாலும் அது தன்மகரந்தச்சேர்க்கைதான். சுற்றுவட்டாரத் தோப்புகளில் வேறு வாண்டா இருந்தால் அயல் மகரந்தம் வந்திருக்கலாம். காய் பிடித்துவிட்டது என்பதையே அயல்மகரந்தத்துக்கு அத்தாட்சியாகக் கொள்ள முடியாது. டென்ட்ரோபியத்தின் பல இனங்களில் தன் மகரந்தம் விழுந்தால் பூ உதிர்ந்துவிடும் அல்லது காய் பாதியில் பழுத்து விழும். ஆனால் எல்லா ஆர்க்கிட்டும் அப்படிக் கண்டிப்பாக இருப்பதில்லை. பல இனங்களில் காய் முழுதாக முற்றும், பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது, குறை விதைக்குள்தான் இருக்கும்.

அதை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெடித்த காயிலிருந்து விரல் நுனியில் ஒட்டும் வெளிறிய தூளை ஒரு சொட்டு நீரில் போட்டு, நாற்பது மடங்கு பெருக்கிப் பார்த்தால், ஒவ்வொரு தூளும் இருபுறமும் கூம்பிய ஒரு வலைப்பை என்று தெரியும். பையின் சுவர் ஒரே அடுக்குச் செல்கள், அவற்றின் விளிம்புகள் வலைக் கண்ணிகள் போலத் தெரியும். நடுவில் முட்டை வடிவில் கொஞ்சம் அடர்நிறமாக இருப்பது கரு. நல்ல அயல்மகரந்தக் காயில் பெரும்பாலான பைகளில் கரு இருக்கும். உட்கலப்பால், அதாவது தன்னோடோ நெருங்கிய உறவோடோ சேர்ந்ததால், பாதிக்கப்பட்ட காயில் பை பையாக வெறுமையாகக் கிடக்கும், அல்லது கரு சுருங்கி ஒரு மூலையில் ஒட்டியிருக்கும். டெட்ராசோலியம் கரைசலில் ஊறவைத்தால் உயிருள்ள கரு மட்டும் சிவக்கும். நூறு விதைக்கு எத்தனை சிவந்தன என்று எண்ணிக் குறித்து வைப்பது ஒரு மணி நேர வேலை. நம் ஊரில் ஆர்க்கிட் விதைக்கும் ஆய்வகங்கள் இதைச் செய்துகொடுத்தால் பாதிக் குழப்பம் தீரும். ஆனால் அனேகமாக யாரும் கேட்பதும் இல்லை, அவர்களாகச் செய்வதும் இல்லை. கரு குறைவாக இருப்பதற்குக் காயைச் சீக்கிரம் பறித்தது போன்ற வேறு காரணங்களும் உண்டு என்பதால் இது குறிப்புத்தான், தீர்ப்பு அல்ல.

தன்மகரந்தச்சேர்க்கையில் பிறந்திருந்தால், தாயிடம் இரு வேறு வடிவமாக இருந்த மரபணுக்களில் சராசரியாகப் பாதி ஒவ்வொரு நாற்றிலும் ஒரே வடிவமாகிவிட்டிருக்கும். மறைந்து கிடந்த கேடான அல்லீல்கள் இப்படித்தான் வெளிப்படுகின்றன: வெளிர்பச்சை அல்லது வெள்ளை நாற்றுகள், வேர் விடாமல் நிற்பவை, பூக்க மறுப்பவை. குடுவைக்குள் சர்க்கரையும் சத்தும் தாராளமாகக் கிடைப்பதால் இவற்றில் பல அங்கே பிழைத்து நிற்கும். வெளியே எடுத்து மரக்கட்டையில் கட்டிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தளரும்.

விதைத்த நாளிலிருந்து நாற்று கைக்கு வரும் வரை நடக்கும் தேர்வு, பலர் கவனிக்காமல் விடும் இடம். ஒரு காயில் இலட்சம் விதை இருந்தாலும் ஊடகத்தில் தூவுவது ஒரு சிட்டிகை. முளைப்பது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் வீங்கிப் பச்சையாகிப் புரோட்டோகார்ம் என்னும் சிறு உருண்டையாவது சில, ஒரு மாதம் கழித்து ஆவது சில. மறுநடவு செய்யும்போது கிருமி நீக்கிய காற்று வீசும் லேமினார் பெட்டியின் முன் அமர்ந்திருப்பவர் இடுக்கியால் எதை எடுப்பார்? பெரிதாக, பச்சையாக, இரண்டு இலை விட்டு நிற்பதைத்தான். சிறியவை பழைய குடுவையிலேயே தங்கிக் கழுவுமிடத்துக்குப் போய்விடும். இப்படி இரண்டு மூன்று மறுநடவு முடிந்தால், அமோனியமும் சர்க்கரையும் அதிகமுள்ள ஊடகத்தில் வேகமாக வளரும் நாற்றுகளே மிஞ்சும். காட்டில் வேண்டிய குணம் அதுவே என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. பூஞ்சையோடு சேர்ந்து முளைக்கும் திறன் இங்கே சோதிக்கப்படுவதே இல்லை. மெதுவாக வளர்வது குறை என்ற எண்ணமே தோட்டக்காரனின் அவசரத்திலிருந்து வருவது என்பது என் கருத்து. விற்பனைக்கு அது நியாயம், பாதுகாப்புப் பணிக்கு நியாயம் இல்லை. அதற்கு விதைக்கும்போதே ஆய்வகத்திடம், பெரிது சிறிது பாராமல் ஒரு பகுதியிலுள்ள அத்தனை புரோட்டோகார்மையும் அப்படியே மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடுவையிலிருந்து வெளியே எடுத்த பிறகும் தேர்வு தொடர்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக் காற்று, பொள்ளாச்சியிலும் கோவையிலும் நிழல்வலைக்குள் இருக்கும் இளம் ஆர்க்கிட்டின் இலையையும் வேர் நுனியையும் உலர்த்திவிடும். அதில் பிழைப்பவை நம் ஊர்க் காற்றுக்குத் தேறியவை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் தேர்வை நான் அவ்வளவாகக் குறை சொல்ல மாட்டேன், செடி கடைசியில் நிற்கப்போவது அதே காற்றில்தான்.

இன்னொன்று, விதையிலிருந்து வந்தது என்று சொல்லிக் கொடுக்கப்படும் நாற்றுகள் எல்லாமே தனித்தனி விதையிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டியதில்லை. முளைப்பு குறைவாக இருந்தால், எண்ணிக்கையை ஈடுகட்ட ஊடகத்தில் பென்சைல் அடினின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளைச் சேர்ப்பது வழக்கம். அப்போது ஒரு புரோட்டோகார்ம் தன் உடலிலேயே பல உருண்டைகளை மொட்டுவிடும், அவற்றைப் பிரித்து வைத்தால் ஒவ்வொன்றும் செடியாகும். இப்படி ஒரு விதையிலிருந்து நூறு செடி வரலாம். அந்த நூறும் குளோன்கள். போதாததற்கு, ஊக்கி அதிகமாகி, மறுநடவுகள் நீண்டு, கேலஸ் என்னும் உருவமற்ற திசு நிலை வழியாகப் பெருக்கினால், குரோமோசோம் எண்ணிக்கை மாறுதல் உட்பட, பெற்றோரிடம் இல்லாத பிறழ்வுகளும் தோன்றலாம். அதையும் வேறுபாடு என்று கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. அழகுப்பூ வளர்ப்புக்கு எப்போதாவது அது புதுமை தரும். ஒரு காட்டினத்தின் மரபுச் செல்வத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே ஆய்வகத்திடம் கேட்க வேண்டியவை: எந்த ஊடகம், ஊக்கி என்ன அளவு, எத்தனை முறை மறுநடவு, புரோட்டோகார்மைப் பிளந்தார்களா. பதில் எழுத்தில் வேண்டும்.

சந்தேகம் தீர வேண்டுமென்றால் டி.என்.ஏ. சோதனை இருக்கிறது, அதன் தர்க்கம் எளிமையானது. எஸ்.எஸ்.ஆர். என்னும் மீள்தொடர் அடையாளங்களில் (டி.என்.ஏ.வில் சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள்) ஓர் இடத்துக்கு ஒரு செடியில் அதிகபட்சம் இரண்டு அல்லீல்தான் இருக்க முடியும். ஆகவே நாற்றுகளில் இருபது முப்பதைச் சோதித்து, ஓரிடத்தில் மொத்தமாக இரண்டு வடிவத்துக்கு மேல் எங்குமே தென்படவில்லை என்றால், தன்மகரந்தச்சேர்க்கை என்ற ஐயம் வலுக்கிறது. ஓரிடத்திலாவது மூன்று அல்லது நான்கு வடிவங்கள் தெளிவாகத் தெரிந்தால் தந்தை வேறு செடி என்பது உறுதி. நான்குக்கு மேல் தெரிந்தால் தந்தை ஒன்றுக்கு மேல், அல்லது வேறு காயின் நாற்று கலந்துவிட்டது. போதுமான இடங்களைச் சோதித்தும் எல்லாவற்றிலும் அச்சாக ஒத்துப்போகும் நாற்றுகள் இருந்தால் அவை குளோன்கள். அந்த மீள்தொடர்களுக்கு இடைப்பட்ட பகுதியைப் பார்க்கும் ஐ.எஸ்.எஸ்.ஆர். முறை இதைவிட மலிவு, பல கல்லூரி ஆய்வகங்களில் எளிதாகச் செய்யலாம். ஆனால் ஒரு டி.என்.ஏ. பட்டை இருக்கிறதா இல்லையா என்று மட்டுமே காட்டும், ஒரே அல்லீல் இரட்டையா வேறு வேறா என்று பிரித்துச் சொல்லாது. குளோனைக் கண்டுபிடிக்க அது போதும், தந்தையைக் கண்டுபிடிக்கப் போதாது.

பல தாய்ச்செடிகளிலிருந்து காய் எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. பத்துத் தாய்ச்செடிகளின் காய்களை விதைத்து 1,000 நாற்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு காய் அபாரமாக முளைத்து 910 நாற்று கொடுத்தது, மற்ற ஒன்பதும் தலா 10 கொடுத்தன. ஒவ்வொரு குடும்பத்தின் பங்கையும் இருமடியாக்கிக் கூட்டி, அதனால் ஒன்றை வகுத்தால் வருவது 1.2. பெயருக்குப் பத்துக் குடும்பம், செயலில் ஒன்றேகால் கூட இல்லை. இதே பத்திலிருந்தும் தலா 10 மட்டும் எடுத்து நூறாக நிறுத்தினால் பத்தும் பத்தாகவே நிற்கும். மீதமுள்ள 900-ஐ விற்றுவிடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. எல்லாத் தாயின் விதையையும் ஒரே பொட்டலத்தில் கொட்டிக் கலந்து விதைப்பதுதான் இதில் மிக மோசமான பழக்கம். வேகமாக முளைக்கும் குடும்பம் குடுவையைப் பிடித்துக்கொள்ளும், எந்தக் குடும்பம் போனது என்பது கடைசி வரை தெரியாது. காய்க்கு ஒரு குடுவை வரிசை, வரிசைக்கு ஒரு எண், எண்ணுக்கு நோட்டில் ஒரு பக்கம் என்று வைத்தால் போதும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். 400 நாற்றையும் ஆனைமலை அடிவாரத்தில் கட்டலாமா? என் பதில், கட்ட வேண்டாம் என்பதே. சட்டம் முதல் காரணம்: காப்புக்காட்டிலும் புலிகள் காப்பகத்திலும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் ஒரு செடியை எடுப்பதும் கூடாது, வைப்பதும் கூடாது. ஆனால் அனுமதி கிடைத்தாலும் கட்ட வேண்டாம் என்றே சொல்வேன். அங்கே இயற்கையாக மிஞ்சியிருக்கும் செடிகள் சிலவே என்றால், பக்கத்தில் ஒரே குடும்பத்து நானூறு செடிகள் பூக்கத் தொடங்கும்போது வண்டு கொண்டுவரும் மகரந்தம் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தினுடையதாகவே இருக்கும். இரண்டு தலைமுறையில் காட்டுச் செடிகளின் பழைய அல்லீல்கள் கரைந்துபோகலாம். கண்ணுக்குச் செடி அதிகமாகத் தெரியும், மரபில் கூட்டம் சுருங்கியிருக்கும்.

இங்கிலாந்தில் சிப்ரிபீடியம் கால்சியோலஸ் என்னும் செருப்புப்பூ ஆர்க்கிட்டுக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். சேகரிப்பவர்கள் பறித்துப் பறித்து, அற்றுப்போனதாகவே கருதப்பட்ட இனம். 1930-இல் யார்க்‌ஷயரில் ஒரே ஒரு காட்டுச் செடி கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகள் காவல் போட்டார்கள். கியூ தாவரவியல் தோட்டத்தின் ஆய்வகம் 1980-களில் விதை வளர்ப்பில் இறங்கியபோது, அந்த ஒற்றைச் செடியை மட்டும் நம்பியிருக்கவில்லை. முன்னொரு காலத்தில் அதே நாட்டுக் காடுகளிலிருந்து எடுத்துத் தோட்டங்களில் வைத்திருந்த பழைய செடிகளைத் தேடி அவற்றோடு கலந்தார்கள். அப்படி வளர்த்துக் காட்டில் நட்டவற்றில் ஒன்று 2000-இல் முதல் முறையாகப் பூத்தது. கடைசிச் செடி ஒன்றே மிஞ்சினால் அதையே பெருக்குவதைத் தவிர வழியில்லை என்பது உண்மை; ஆனால் வாண்டா டெசலேட்டாவுக்கு நம் பக்கம் அந்த நிலை வரவில்லை. சத்தியமங்கலம் முதல் ஆனைமலை அடிவாரம் வரை மாமரங்களிலும் வேப்ப மரங்களிலும் இன்னும் ஆங்காங்கே இருக்கிறது. மூலங்கள் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஒரே காயோடு நிற்பது வீண்.

மூலங்களைச் சேர்க்கும்போது எவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவரலாம் என்பதும் ஒரு கேள்வி. ஆர்க்கிட் விதை காற்றில் நெடுந்தொலைவு பறக்கும் என்பதால், பிற சிறு செடிகளை விட ஆர்க்கிட் கூட்டங்களுக்கு இடையே மரபு விலகல் பொதுவாகக் குறைவு. வாண்டா டெசலேட்டா சமவெளியிலும் வளர்வது என்பதால் பொள்ளாச்சிச் செடியோடு உடுமலைச் செடியைச் சேர்க்க நான் தயங்க மாட்டேன். மலை உச்சி இனங்களுக்கு அந்தத் துணிச்சல் கூடாது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் நீலகிரியையும் ஆனைமலையையும் பிரிக்கிறது. சீலோஜைனி போன்ற குளிர்ச்சோலை ஆர்க்கிட்டுக்கு அந்த வெப்பச் சமவெளி ஒரு தடை. ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ எடுத்த விதையின் நாற்றை வால்பாறையில் வைப்பதை, இரண்டும் ஒரே இனப்பெயர் தாங்கியவை என்பதால் மட்டும் நியாயப்படுத்த முடியாது. அந்தந்த மலையின் விதை அந்தந்த மலைக்கு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

இனப்பெயரை உறுதி செய்துகொள்ளக் கொங்கு நாட்டாருக்கு வசதி அருகிலேயே இருக்கிறது. இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அதன் உலர்தாவரத் தொகுப்பில் நூறாண்டுக்கு மேற்பட்ட மாதிரிகளும் உண்டு. அதே நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டில் இருக்கிறது. பூவோடு ஒரு படமும், முடிந்தால் சாராயத்தில் இட்ட ஒரு பூவும் கொண்டுபோனால் அடையாளம் தெளிவாகும்.

கையில் இருக்கும் 400 நாற்றை என்ன செய்வது? தாராளமாக வளர்க்கலாம், தோப்பு மரங்களில் கட்டலாம், ஆய்வகம் கொடுத்த சீட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டு நாற்றாக விற்கலாம். அழகுச் செடியாக அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. பூவின் கட்ட வரிகளிலும் உதட்டின் நீலத்திலும் மணத்திலும் நாற்றுக்கு நாற்று வேறுபாடு தெரியும், விரும்பியதைத் தேர்ந்துகொள்ளலாம். வாங்குபவரிடம் இவை ஒரே தாயின் பிள்ளைகள் என்று சொல்லிவிடுவது நல்லது, அவர்களும் அவற்றுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்து விதை எடுக்காமல் இருக்க உதவும்.

பாதுகாப்புக்காகச் செய்ய விரும்பினால், வேலை அடுத்த பூக்காலத்தில் தொடங்க வேண்டும். தோப்புக்காரர்கள் சம்மதத்தோடு, குறைந்தது ஒரு கிலோமீட்டராவது இடைவெளியுள்ள வெவ்வேறு தோப்புகளில் பத்துச் செடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் செடியின் மகரந்தம் இரண்டாவதற்கு, இரண்டாவதன் மகரந்தம் மூன்றாவதற்கு, பத்தாவதன் மகரந்தம் முதலாவதற்கு என்று சங்கிலியாகச் சேர்த்தால், ஒவ்வொரு செடியும் ஒரு முறை தாயாகவும் ஒரு முறை தந்தையாகவும் சமமாகப் பங்கு பெறும். இப்படிப் பங்கைச் சமப்படுத்துவது, மரபுக் கணக்கில் அந்தப் பத்தை ஏறத்தாழ இருபதுக்குச் சமமாக்குகிறது. இரண்டு தோப்புகள் ஒரே நாளில் பூக்காது என்பதால், மஞ்சள் உருண்டைகளைக் குச்சியின் முனையில் ஒட்டி எடுத்து, மெழுகுத்தாளில் மடித்து, சிலிக்கா மணிகள் போட்ட மூடிய சீசாவில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் சில வாரம் தாங்கும். மகரந்தம் வைத்த பூவின் காம்பில் நூல் கட்டி, சீட்டில் தாய் எண், தந்தை எண், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முதல் மழையிலேயே போய்விடும். அதே கொத்தில் தானாகப் பிடித்த காய்களைச் சீட்டில்லாதவை என்று தனியே பறித்துவிட வேண்டும். உங்கள் 400-இல் ஒன்று பூக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அப்போது அதுவும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகச் சேரலாம், ஆனால் நானூற்றில் ஒன்றே ஒன்றுதான்.